பொருநைக் கரையில் ஒரு மழைக்கால மனை

திருநெல்வேலிச் சீமையில் மனை கோலுவோர், ஐப்பசி பிறந்ததும் வேலையை நிறுத்திவிட்டுத் தை மாதத்தை எதிர்நோக்கி உட்கார்ந்துவிடுவது வழக்கம். வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலம் அது. செங்கற் சூளைகளில் புகை அடங்கிவிடும். வெட்டிய வானத்தில் நீர் தேங்கிவிடும். கட்டிய சுவரைக் கீற்றுப் போட்டு மூடவேண்டியிருக்கும். இத்தனையும் தெரிந்தே நாங்கள் இருவரும் 2023-ஆம் வருஷத்து ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வானம் தோண்டினோம். வானம் என்றால் ஆகாயம் என்று எண்ணும் பட்டணத்து நேயர்களுக்கு ஒரு வார்த்தை: அஸ்திவாரத்துக்காக வெட்டும் பள்ளத்துக்கே அந்தப் பெயர். வீடு கட்டப் புறப்படுகிறவன் முதலில் வானத்தைத் தோண்டுகிறான் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

எங்கள் இருவருக்கும் உத்தியோகம் பள்ளிக்கூடத்தில். ஒருவர் சரித்திரம் போதிப்பவர், மற்றவர் கணக்கு. யார் எவர் என்று இங்கே பிரித்துச் சொல்லப்போவதில்லை. மழைக்காலத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் கணக்கு ஆசிரியர் கூறிய காரணம், மற்றவர்கள் வேலையை நிறுத்துகிற காலத்தில்தான் நல்ல கொத்தனார் கிடைப்பார் என்பது. சரித்திர ஆசிரியர் கூறிய காரணம் வேறு. சுண்ணாம்புக் காரை வெயிலில் வெடிக்கும். ஈரக் காற்றில் மெள்ள மெள்ளக் காய்ந்தால்தான் கல்லாக இறுகும். பழைய கட்டடங்களின் உறுதிக்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம். இரண்டு காரணங்களும் சரியாகவே இருந்தன. ஆறு என்ற மூன்றாவது ஒன்றைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் மனை சேரன்மகாதேவிக்குச் சமீபத்தில், தாமிரபரணியின் தென்கரையில், ஆற்றிலிருந்து மூன்று பர்லாங்கு தூரத்தில் இருக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் வரை இந்நதியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். கோதாவரி, காவிரிகளோடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனால் ஒரே ஜில்லாவாக இருந்த நிலத்தில் பிறந்து, அந்த நிலத்திலேயே முடிகிற நதி இது. ஆகையால் இவ்வூராருக்கு அதன்மீது ஒரு சொந்தம். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைப் பிரித்துக் கொடுக்கின்றன. எங்கள் பக்கத்துக்குக் கன்னடியன் கால்வாய். கார்த்திகையில் அக்கால்வாயின் ஓரமாக நடந்தால் இருபுறமும் பிசான நடவு முடிந்து பச்சை விரிந்திருக்கும். மழை விட்ட காலையில் மேற்கே திரும்பினால் பொதிகை மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றும். அன்று மழை மறுபடியும் வரும் என்பதற்கு அதுவே அடையாளம் என்பர் விவசாயிகள்.

வீட்டைப் பற்றிய எங்கள் யோசனைக்கு வித்திட்டவர்கள் ஒரு தம்பதி. லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரை நேயர்கள் அறிந்திருக்கலாம். 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். யுத்த காலத்தில் சீனாவில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்துவிட்டுத் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தவர். நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆனதாயிருக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் தொழிலுக்கே மூலமந்திரமாகக் கொண்டதாக அவர் பின்னாளில் பலமுறை கூறியதுண்டு. 1948-இல் எலிசபெத் என்னும் கேரளத்து டாக்டர் அம்மையாரை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலில் பித்தோராகட் பக்கத்துக்குச் சென்றவர்கள், நோயாளிகள் தேடி வரவே அங்கேயே தங்கிவிட்டனர். பதினாறு வருஷம் தங்கினர். அம்மையார் வைத்தியம் பார்க்க, கணவர் அங்குள்ள கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு வீடும் ஆஸ்பத்திரியும் எழுப்பினார். பனி பெய்யும் அந்த மலையில் குளிரைத் தாங்க வேண்டிய சுவர் எப்படியிருக்க வேண்டும் என்பதை அங்கு வாழ்ந்த மக்களே அவருக்குக் கற்பித்தார்களாம். கலாசாலையில் படித்ததைவிட அதுவே பெரிய படிப்பு என்று அவர் எண்ணினார்.

பிறகு அத்தம்பதி கேரளத்துக்கு இறங்கி வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறினர். அங்கே பாறைச் சரிவு ஒன்றில், இடித்த வீடுகளின் கதவுகளையும் ஜன்னல்களையும் சேர்த்துத் தங்கள் இல்லத்தைச் சிறுகச் சிறுகக் கட்டினர். பேக்கர் 1989-இல் இந்தியப் பிரஜையானார், 2007-இல் காலமானார். நாகர்கோவில் மார்க்கமாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் தம்பானூரில் இறங்கியதும், செங்கல்லால் நத்தைபோல் சுருண்டெழும் காபி ஹவுஸைக் காணாமல் போகமுடியாது. அவருடைய கைவேலை அது. நாங்கள் அங்கே காபி குடிக்கப் போய், இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தோம். பரிமாறியவர் எங்களை எந்த இலாகா உத்தியோகஸ்தர் என்று நினைத்தாரோ தெரியாது.

ஐந்து மைல் விதியை நம் ஊரில் அனுஷ்டித்துப் பார்ப்பது என்று கிளம்பினோம். முதலடியிலேயே தட்டிற்று. பாட்டனார் காலத்தில் வீடு கட்டியவர் ஆற்றுக்கு வண்டியை ஓட்டி மணல் அள்ளி வந்தார். பனை விடலியில் வைரம் பாய்ந்த நாலு மரத்தை வெட்டிப் பனங்கை அறுத்தார். இன்று அவ்விரண்டும் ஆகா. ஆற்றைச் சுரண்டி, படுகை பள்ளமாகி, கிணறுகள் வற்றி, 2010-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதிக்கும் நிலை வந்தது. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசாங்கம் அறிவித்தது. இரண்டும் நியாயமான தடைகளே. ஆனால் அருகில் உள்ளதைக் கொண்டு கட்டு என்ற வாக்கியத்தின் பொருள் இங்கே மாறிவிடுகிறது. அருகில் உள்ளதைத் தொடாமல் கட்டு என்பதே இன்றைய பாடம்.

ஆகவே சரித்திர ஆசிரியர் விதிக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஐந்து மைல் என்பதற்குப் பதிலாக, பொதிகை முதல் புன்னைக்காயல் வரை நதி போகிற வழியில் கிடைப்பதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். ஏற்கனவே மனிதன் கை பட்ட பொருளாயின் இன்னும் உத்தமம். திருத்தம் ஏகமனதாக நிறைவேறிற்று. சபையில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

இந்தத் திருத்தத்தினால் அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களுக்கு ஓயாத பிரயாணமாயிற்று. மழைக்கு முன்பே செங்கல் வாங்கி அடுக்கியாயிற்று. கிளிஞ்சற் சுண்ணாம்பு தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. மணலுக்குப் பதிலாக, உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் இடித்த சுர்க்கிப் பொடி. போதாததற்குக் கருங்கல்லைப் பொடித்த செயற்கை மணல். அம்பாசமுத்திரம் பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து பனங்கைகளும், இரட்டைக் கதவும், பித்தளைக் குமிழ் பதித்த ஒரு வாசல் நிலையும் கிடைத்தன. பனங்கைகள் எத்தனை வருஷத்தவை என்று அங்கிருந்தவர்களுக்கே தெரியவில்லை. ஆணி அடித்தால் ஆணிதான் வளைந்தது. காருக்குறிச்சியில் மண்பாண்டம் வனைவோரிடம் தண்ணீர்த் தாழி ஒன்று வாங்கினோம். இதே நதியோரத்தில் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு, காருக்குறிச்சிச் சக்கரத்தருகில் நிற்கும்போது ஏதோ ஒரு நினைவு வராமல் போகாது.

சிமெண்டு விஷயத்தில் மட்டும் பெரிய தர்க்கம் நிகழ்ந்தது. பேக்கர் அதைக் கூடியவரை குறைத்தவர். சரித்திர ஆசிரியர் அறவே வேண்டாம் என்றார். கணக்கு ஆசிரியர் அமைதியாக ஒரு விஷயத்தை எடுத்து வைத்தார். தாழையூத்தில் சங்கர் நகரில் 1949-இலிருந்து சிமெண்டுத் தொழிற்சாலை இருக்கிறது. நம் மனையிலிருந்து இருபது மைலுக்குள். தூத்துக்குடிச் சுண்ணாம்பைவிட அதுவல்லவா சமீபம்? தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லும் இந்த மண்ணில் விளைந்ததுதானே? சுதேசியம் என்பது தூரத்தை மட்டும் அளப்பதா, எரிக்கிற நிலக்கரியையும் அளப்பதா என்று சரித்திர ஆசிரியர் திருப்பிக் கேட்டார். கடைசியில் கூரைத் தளத்துக்குச் சிமெண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு என்று ராஜி ஏற்பட்டது. தளத்திலும் கம்பிகளுக்கிடையே பழைய சீமையோடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்துக்கொள்வதென்று தீர்மானம். இதுவும் பேக்கர் காட்டிய வழியே.

சுவருக்கு அவர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டைத் தேர்ந்தோம். செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, உள்வரிசை வெளிவரிசை என்று இரண்டாகக் கட்டி, நடுவே வெற்றிடம் விட்டு, இடையிடையே குறுக்குக் கல்லால் பிணைப்பது. செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று, சித்திரை வெயிலைச் சுவருக்குள் புகாமல் தடுக்கும். எங்கள் கொத்தனார் அறுபது வயதைத் தாண்டியவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுவருக்குள்ள எலி குடியிருக்கவா, சார்வாள்?” என்றார். ஆகவே சாதாரணச் சுவருக்கு வேண்டிய கணக்குப்படியே கல் வாங்கி வைத்துக்கொண்டோம். மூன்று வரிசை கட்டியபின் அவரே தட்டிப் பார்த்து, மிருதங்கம் போல் பேசுகிறது என்று சொல்லித் திருப்தியடைந்தார்.

சுண்ணாம்பு நீற்றிய நாள் மறக்கமுடியாதது. பள்ளத்தில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டி நீர் விட்டதும், அடுப்பில்லாமலே கொதித்துக் குமுறி ஆவி எழுந்தது. இதைத் தாளிப்பது என்பார்கள் இவ்வூரில். பிறகு பல நாள் நீருக்கடியில் ஊற வேண்டும். எவ்வளவுக்கெவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு வெண்ணெய் போலாகும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைக் கொத்தனாரே பதம் பார்த்துச் சேர்த்தார். கருப்பட்டி நீரைப் பதம் பார்ப்பதில் சித்தாள்களுக்கும் ஆர்வம் அதிகம் இருந்தது.

இனி அஸ்திவார மட்டத்தின் கதை. எங்கள் வரைபடத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரம் என்றிருந்தது. கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் எங்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பழைய கல் மண்டபம். அதன் தூணில், மார்பளவு உயரத்தில் கையை வைத்து, “தொண்ணூத்திரண்டுல தண்ணி இந்த மட்டுக்கு நின்னுச்சு. இதுக்கு மேல ஒரு சாண் வையுங்க” என்றார். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர் அவர். சரி, மூன்று பர்லாங்கு தூரத்திலுள்ள மனைக்கு அந்த மட்டத்தை எப்படிக் கொண்டுவருவது? அவரிடம் கண்ணாடிபோன்ற நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்று இருந்தது. அதில் நீரை நிரப்பினால் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனை தூணில், மறுமுனை ஐம்பதடிக்கு அப்பால் நட்ட குச்சியில். பிறகு அந்தக் குச்சியிலிருந்து அடுத்த குச்சிக்கு. வாய்க்கால் வரப்புகளைத் தாண்டி, தூறலில் நனைந்து, ஒரு பகல் முழுவதும் அந்த மட்டத்தைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் ஏந்தி வந்தோம். கணக்கு ஆசிரியர் ஒவ்வொரு குச்சியையும் குறித்துக்கொண்டார். மனையில் அது தரைக்கு மேல் நாலேகாலடி என்று காட்டிற்று. ஒரு சாண் சேர்த்தால் ஐந்தடி. இரண்டடி மண் அதிகம் நிரப்ப வேண்டும், கருங்கல் அதிகம், படிகள் அதிகம். மேல்மாடி ஆசையை அங்கேயே விட்டோம்.

கார்த்திகையில் நிலை வைத்தாயிற்று. அப்போதே மேடை தயாராகிவிட்டபடியால், மதியத்தில் வேலையாட்கள் தூறலில் வேலியோரம் குந்தியிராமல் மேடைமேல் கீற்றுக்கடியில் அமர்ந்து உண்டனர். முதலில் தயங்கினார்கள். பழைய திருநெல்வேலி வீடுகளில் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுப்பங்கரை, புறவாசல் என்று அடுக்கடுக்காகப் போகும் அமைப்பு பார்க்க அழகுதான். யார் எந்தக் கட்டோடு நிற்க வேண்டும் என்ற சட்டமும் அதிலேயே எழுதியிருக்கும். இதே சேரன்மகாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம், பிள்ளைகள் ஒரே பந்தியில் உண்பதா, தனித்து உண்பதா என்ற கேள்வியில்தான் 1925-இல் உடைந்து போயிற்று. தமிழ்நாட்டு அரசியலே அதனால் திசை திரும்பிற்று. எங்கள் வீட்டின் முதற் பந்தி, சுவர் எழுமுன்பே பட்டாசலில் நடந்தது.

மார்கழி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆங்கில மாதம் டிசம்பர் 17. திருப்பாவை ஒலிக்க வேண்டிய வைகறையில் மழைச்சத்தம் ஒன்றே கேட்டது. அன்று பகலும் இரவும் விடவில்லை. கீழே கடற்கரையில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் முழுவதற்கும் பெய்வதைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துப் போயிருந்தது. நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிற்று. அந்தக் கோயில் மூழ்குவது புதிதல்ல. ஆற்றுக்குள்ளேயே இருப்பது அது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலே கரையிலுள்ள கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர். வடிந்தபின் திரும்ப அழைத்து வருவர். கட்டியவர்கள் வெள்ளத்தை எதிர்க்கவுமில்லை, மறக்கவுமில்லை. அதன் பக்கத்திலேயே, 1843-இல் எழுந்த சுலோசன முதலியார் பாலம் இந்தப் பிரவாகத்திலும் நின்றது. அரசாங்கத்தை நம்பியிராமல் முதலியார் தம் பொருளைக் கொண்டே அதைக் கட்டினார் என்றும், அவர் மனைவியார் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்றும் ஊரார் சொல்லுவர். தம்பதிகள் கட்டிய கட்டடங்களில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மனைக்குத் திங்கட்கிழமைதான் நீர் வந்தது. ஜன்னல் மட்டம் வரை எழுந்த சுவர்களோடு மேடை தீவாக நின்றது. மூன்றே முக்காலடி ஏறி, ஒரு பகல் தங்கி, வடிந்தது. சுர்க்கிக் குவியல் போன இடம் தெரியவில்லை. பத்து மூட்டைச் சிமெண்டு பத்துக் கற்களாயிற்று. பள்ளத்திலிருந்த சுண்ணாம்பு மட்டும் சேதமில்லை. நீருக்கடியில் இருப்பது அதற்குச் சுபாவம்தானே. மேல்வண்டலை வழித்தெறிந்ததும் வெள்ளைவெளேரென்று சிரித்தது. மேடைமேல் ஒரு சொட்டு ஏறவில்லை.

மூன்றாம் நாள் கொத்தனார் வந்தார். சுவரின் ஒவ்வொரு மூலைக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். நேராயிருக்கிறது என்றார். பிறகுதான், அவர் வீட்டின் பின்சுவர் முழுவதும் விழுந்துவிட்டது என்பதும், அவர் குடும்பம் இரண்டு இரவாக எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இருக்கிறது என்பதும் தெரிந்தது. தாழ்ந்த தெருவில், வாய்க்காலை ஒட்டிய வீடு. மண் சாந்தில் கட்டிய சுவர். தரை மட்டம் ஓரடி.

வெள்ளத்தின் மட்டத்தை ஊருக்கெல்லாம் காட்டியவர் தம் வீட்டை ஏன் அப்படிக் கட்டினார் என்று எங்களில் ஒருவர் கேட்டேவிட்டோம். அவர் கோபிக்கவில்லை. “மட்டம் தெரியும், சார்வாள். மண்ணு அடிக்கத் துட்டு வேணும்லா?” என்றார்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் 6,000 ரூபாய் அறிவித்தது. அது அடுப்புப் பற்றவைக்க உதவிற்று. தரையை உயர்த்த உதவுமா? எலிப்பொறிக் கட்டினால் எங்களிடம் நாலில் ஒரு பங்கு கல் மிஞ்சப் போகிறது என்ற கணக்கு அப்போதுதான் வேறு விதமாகத் தோன்றிற்று. சுற்றுச்சுவருக்கு என்று வைத்திருந்த கல் அது. இனாமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார் என்று தெரியும். கடனாகவே பெற்றுக்கொண்டார், தையிலும் மாசியிலும் வேலை நாட்களில் கழித்தார். எத்தனை நாள் என்று அவரும் குறித்து வைத்தார், கணக்கு ஆசிரியரும் குறித்து வைத்தார். அவர் குறிப்பில் இரண்டு நாள் அதிகம் கழிந்திருந்தது. எவ்வளவு சொல்லியும் தம் குறிப்பே சரி என்று சாதித்தார்.

வெள்ளம் எங்கள் மனையில் விட்டுச் சென்ற வண்டலையும் அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பொங்கல் கழிந்த இரண்டு ஞாயிறுகளில், அவருடைய மருமகனும் எங்கள் சித்தாள்கள் இருவரும் கூடிப் பின்சுவரை எழுப்பினர். எங்கள் பள்ளத்துச் சுண்ணாம்பே அதற்கும் ஆயிற்று. மாணவர்கள் சிலர் கல் எடுத்துக் கொடுத்தார்கள். கூலி கருப்பட்டி மிட்டாய். வீடு முழுவதையும் உயர்த்த இயலவில்லை. பின்னறை ஒன்றை மட்டும், அதே ரப்பர்க் குழாயை மண்டபத்துத் தூணிலிருந்து இன்னொரு முறை கொண்டுவந்து, அந்த மட்டத்துக்கு ஒரு சாண் மேலே எழுப்பினார்.

எங்கள் வீட்டுக்குத் தளம் மாசிக் கடைசியில் போட்டோம், சித்திரையில் குடிபுகுந்தோம். தார்சாவுக்குப் பனங்கையும் நாட்டோடும். பத்தமடைக் கோரைப்பாய் விரித்துப் படுத்தால் பகலிலும் குளுமையாயிருக்கிறது. வருகிறவர்கள் படிகளைப் பார்த்து, கோயிலா வீடா என்று கேட்கிறார்கள். முழங்கால் வலியுள்ள பந்துக்கள் வருவது சற்றுக் குறைந்திருக்கிறது.

கொத்தனார் வீட்டில் தெருவாசலில் நுழைந்தால் தரை பழைய மட்டமேதான். கூடத்தைத் தாண்டியதும் ஆறு படி ஏறிப் பின்னறை. அதில் ஜன்னல் ஒன்று, அவர் ஆசைக்குக் கட்டிய எலிப்பொறிச் சுவர் ஒன்று. ஐப்பசி பிறந்துவிட்டால் நெல் மூட்டையும், பேத்தியின் பள்ளிச் சான்றிதழ்கள் வைத்த தகரப் பெட்டியும், அவருடைய ரசமட்டமும் கரண்டியும் அங்கே ஏறிவிடுகின்றன.